நாரியும் வலது காலும்

டிசம்பர் 9
இரவு முழுக்க மழை. நித்திரை இல்லை. வலது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கம், கெண்டைக்காலின் வெளிப்பக்கம் என்று ஒரே இழுவை. இருமினால் கரண்ட் அடிக்கிறது. பெருவிரல் மரத்துக் கிடக்கிறது.

டிசம்பர் 10
டொக்டர் மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கினார். பாதி உயரம் வருமுன்னமே கத்திவிட்டேன். நாரியில், அதாவது கீழ் முதுகில், 4ஆம், 5ஆம் எலும்புக்கு நடுவிலுள்ள தட்டு பிதுங்கி, நரம்பின் வேரை அழுத்துகிறது போல என்றார். குதிக்காலில் நடக்கச் சொன்னார், நடந்தேன். கூடுதலான ஆட்களுக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் குறைந்துவிடுமாம். ஸ்கேன் இப்போதைக்கு வேண்டாமாம்.

ஆனால் சலம் (சிறுநீர்) தெரியாமல் போனாலோ, தொடையிடுக்கில் மரத்தாலோ, பாதம் தூக்க வராமல் தொங்கினாலோ இரவென்றும் பாராமல் ஓடிவரவேண்டும். இதைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். இப்போது கக்கூசுக்குப் போகிற நேரமெல்லாம் இதே யோசனை.

டிசம்பர் 12
தையல் மெஷினுக்குப் பக்கத்தில் பள்ளிச் சட்டைக்கான வெள்ளைத் துணி அப்படியே இருக்கிறது. பள்ளிக்கூடம் தொடங்குமுன் கொடுக்கவேண்டும். மிதிக்கிறது வலது கால்.

டிசம்பர் 13
மச்சாள் மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து யோகா டீச்சரைக் கூட்டிவந்தாள். குனிந்து காலைத் தொடச் சொல்லுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அதைத்தான் முதலில் மறித்தார். "இப்ப குனியவும் வேணாம், முறுக்கவும் வேணாம் தங்கச்சி."

குப்புறப் படுத்து, மடித்த கைகளின்மேல் நெற்றியை வைத்துச் சும்மா கிடந்தேன். இது மகராசனமாம். மறுகா முழங்கையை ஊன்றி நெஞ்சைக் கொஞ்சம் தூக்கவேண்டும், பாம்பு படமெடுக்கிற மாதிரியான புஜங்காசனத்தில் பாதிகூட இல்லை. நாரியில் கொஞ்சம் நொந்தால் பொறுக்கலாம், வலி காலுக்குள் இறங்கினால் உடனே விடவேண்டும். அவர் சொன்ன சட்டம் அது ஒன்றுதான். இதற்கா ஆட்டோக் காசு கொடுத்தோம் என்று இருந்தது.

டிசம்பர் 14
மாமி திருவலையை எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டார். தேங்காய் இனி அவர்தான் திருவுவாராம். சொதி தண்ணியாக இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

டிசம்பர் 16
பெருவிரல் அப்படியே.

டிசம்பர் 19
திருவெம்பாவைச் சங்கு கேட்டு எழும்பிக் கோயிலுக்குப் போனேன். கீழே இருக்க ஏலாது, தூணில் சாய்ந்து நின்றேன். ஒருத்தி எண்ணெய் சொன்னாள், ஒருத்தி வேது பிடிக்கச் சொன்னாள், இன்னொருத்தி தன் மாமனுக்கு ஒப்பரேஷன் செய்த கதையை முழுக்கச் சொன்னாள். சாமியைக் கும்பிட்டேனா என்று நினைவில்லை.

டிசம்பர் 22
கெண்டைக்கால் வலி இல்லை! ஆனால் பிட்டத்திலும் நாரியிலும் கூடிவிட்டது. டீச்சர் சந்தோஷப்படுகிறார். வலி பாதத்தை விட்டு மேலே ஏறினால் நல்ல குறியாம். அவருக்கென்ன, நாரி என்னுடையது.

இன்று புதிதாக ஒன்று. மல்லாக்கப் படுத்து, இடது முழங்காலை மடக்கி, வலது பாதத்தில் சால்வையைக் கொளுவிக் காலைத் தூக்கவேண்டும். இழுவை தெரியத் தொடங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழேயே நிற்பாட்டி, பாதத்தை மெல்ல மடக்கி, விடவேண்டும். மடக்கி, விடவேண்டும். நரம்பை இழுத்து நீட்டுவதில்லையாம், ஓடவிடுவதாம். பாவாடைக்குள் நாடா ஓடுகிற மாதிரி என்று எனக்கு விளங்கியது. எங்கேயோ சிக்கின நாடாவைப் பலமாக இழுத்தால் அறுந்துதான் போகும். அதற்குப் பிறகு டீச்சர் சொல்வதைக் கொஞ்சம் நம்பத் தொடங்கினேன்.

கடைசியில் கெண்டைக்கால்கள் இரண்டையும் கதிரையில் போட்டுக் கிடக்கவேண்டும். அப்படியே நித்திரையாகிப்போனேன். மாமி பயந்து எழுப்பினார்.

டிசம்பர் 24
முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்து, இடதுபக்கம் சரிந்து படுத்தேன். விடியும்வரை நித்திரை!

டிசம்பர் 26
சுனாமி நாள். கடற்கரைக்குப் போகவில்லை. வீட்டிலேயே விளக்கு வைத்தோம். யோகாவும் செய்யவில்லை.

டிசம்பர் 28
பின்னேரம் கல்லடிப் பழைய பாலத்தில் நடந்தேன். 1924இல் திறந்த பாலம், பக்கத்தில் 2013இல் புதுப்பாலம் வந்தபிறகு நெருக்கடி இல்லை. பாதிவரை நல்லாகத்தான் இருந்தது. திரும்பும்போது பிட்டத்தில் பிடித்தது, கம்பியைப் பிடித்து நின்றேன். மோட்டார் சைக்கிள் பெடியன் ஒருவன் நிற்பாட்டி, "அன்ரி, ஏத்திக்கொண்டு விடவா?" என்றான். அன்ரி!

டிசம்பர் 31
ஊசிமுனையால் பெருவிரலைத் தொட்டுப் பார்த்தேன். தெரிகிறது. இடது விரலில் தெரிகிற மாதிரி இல்லை. குதிக்காலில் நடந்தேன், குசினிவரை. சரி.

ஜனவரி 2
கால்மணித்தியாலம் தைக்கிறது, எழும்பி நடக்கிறது, குப்புறக் கிடக்கிறது, மறுபடியும் மெஷின். ஒரு சட்டை மட்டும் பாக்கி. அந்தப் பிள்ளையின் தாய் போனில் ஏசுகிறாள். பொத்தானை நின்றுகொண்டே தைக்கிறேன்.