22 வயதில் நிரப்பிய படிவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் ஆலைகளில் எச்.ஆர். (மனிதவள) மேசைக்கு வரும் கோரிக்கையை வைத்தே கேட்பவரின் வயதை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். இருபதுகளில் இருப்பவர் கேட்பது ஓவர்டைம். மணிக்கு 40 ராண்ட் வாங்குபவருக்கு அது ஒன்றரை மடங்கு, 60 ராண்ட். வாரத்துக்கு 10 மணி நேரம்தான் உச்சம் என்பதால் கையில் கூடுவது 600 ராண்ட். அதே ஆள் நாற்பதைத் தொட்டதும் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்பார். இந்திய வம்சாவளியினர் நிறைந்த டர்பன் பகுதிகளான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் அந்த மாதம் முழுக்கக் கறி மீன் தொடாத வீடுகள் உண்டு. ஓவர்டைம் மறுப்பதைச் சோம்பல் என்று மேற்பார்வையாளர் குறித்துவைப்பது அநியாயம். தொழிலாளியின் உழைப்பு குறையவில்லை, முதலிடத்தில் இருந்த பணம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஐம்பதை நெருங்கும்போது, அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஒரு நாள் வேண்டும் என்று வருவார்கள். சட்டம் இங்கே கைவிடுகிறது. குடும்பப் பொறுப்பு விடுப்பு ஆண்டுக்கு 3 நாள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் எடுக்கலாம், தாய் இறந்தால் எடுக்கலாம். தாய் நோயில் கிடந்தால் எடுக்க முடியாது! ஆண்டு விடுப்பில்தான் கழிக்க வேண்டும். வாரம் 5 நாள் வேலை செய்பவருக்குச் சட்டம் தருவது 15 வேலை நாள், அதில் பெரும்பகுதி டிசம்பரில் ஆலை மூடும்போதே கரைந்துவிடும். வயதான பெற்றோர் உள்ளவர்கள் ஜனவரியிலேயே நான்கைந்து நாளை ஒதுக்கிவைப்பது நல்லது.

ஓய்வூதியச் சேமிப்பிலும் இதே கதைதான். 2024 செப்டம்பர் 1 முதல் புதிதாகக் கட்டும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு, ஓய்வுக்கு முன்பே எடுக்கக்கூடிய சேமிப்புப் பகுதிக்குப் போகிறது. வரி ஆண்டுக்கு ஒரு தடவை, குறைந்தது 2,000 ராண்ட், அதிலிருந்து எடுக்கலாம். வருமான வரி பிடித்துக்கொண்டுதான் மீதி கைக்கு வரும். இளைஞர் கண்ணுக்கு அது போனஸ் மாதிரி தெரியும், வயது ஏறியவருக்கோ முதுமைக்கான காசாகத் தெரியும்.

இவை எல்லாவற்றையும்விட எச்.ஆர். மேசையில் இருக்கும் எங்களுக்குக் கவலை தருவது, வேலைக்குச் சேர்ந்த நாளில் நிரப்பிய வாரிசு நியமனப் படிவம். 22 வயதில் அம்மா பெயரையும் தம்பி பெயரையும் எழுதியிருப்பார். பிறகு கல்யாணம், இரண்டு பிள்ளைகள், தம்பியோடு மனத்தாங்கல். படிவம் மட்டும் அந்த 22 வயதிலேயே நின்றுவிடும். ஓய்வூதிய நிதித் தொகை என்றால் பென்ஷன் ஃபண்ட்ஸ் சட்டத்தின் 37சி பிரிவு காப்பாற்றும். நிதியை நிர்வகிக்கும் அறங்காவலர்கள் இறந்தவரை நம்பியிருந்தவர்களைத் தேடிப் பிரித்துக் கொடுப்பார்கள், படிவம் அவர்களுக்கு ஒரு வழிகாட்டி மட்டுமே. ஆனால் அந்தத் தேடலுக்கு ஓர் ஆண்டு வரை ஆகலாம், அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே. நிதிக்கு வெளியே நிறுவனம் எடுத்திருக்கும் குழு ஆயுள் காப்பீட்டில் அந்தப் பாதுகாப்பும் கிடையாது. பெரும்பாலும் படிவத்தில் யார் பெயரோ அவருக்கே பணம்.

கோயிலில் தாலி கட்டி, அரசிடம் பதிவு செய்யாத தம்பதிகளுக்குச் சிக்கல் இன்னும் கூடும். மதச் சடங்குப்படி நடந்த திருமணத்தையும் ஓய்வூதியச் சட்டம் ஏற்கிறது. ஆனால் அது நடந்ததென்று காட்டும் பாரம், கணவரை இழந்து நிற்கும் பெண்ணின் தலையில் விழுகிறது.

அதனால் கல்யாணம், குழந்தை, விவாகரத்து, பெற்றோர் மறைவு, இவற்றில் எது நடந்தாலும் புதுப் படிவம் கேட்டு வாங்குங்கள். உங்கள் சம்பளத்தில் இன்று சாப்பிடுகிறவர்கள் யார் யார் என்று முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டால் பெயர்கள் தாமாக வந்துவிடும். அடையாள எண்ணை அட்டையைப் பார்த்தே எழுதுங்கள், பங்குகளின் கூட்டு சரியாக 100 விழுக்காடா என்று பாருங்கள். கூட்டு 95 என்று வந்து திரும்பும் படிவங்கள் கொஞ்சமல்ல. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகலையும் இணையுங்கள். தேதி போட்டுக் கையெழுத்திட்டு, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு பிரதி வாங்கி, அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று வீட்டிலும் சொல்லிவையுங்கள்.