லாங்தர்மாவும் கிருமிகண்ட சோழனும்

எங்கள் மன்னார்குடிப் பக்கத்து வைணவ வீடுகளில் கிருமிகண்ட சோழன் கதை எல்லோருக்கும் தெரியும். ராமானுஜரை ஊரைவிட்டுப் போகவைத்தவன், அவர் சீடர் கூரத்தாழ்வான் கண்ணிழக்கக் காரணமானவன், கழுத்தில் புழு வைத்துச் செத்தவன். சரி, எந்தச் சோழன்? அதிராஜேந்திரனா, குலோத்துங்கனா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. கல்வெட்டில் அப்படி ஒரு பெயரும் கிடையாது.

ஒன்பதாம் நூற்றாண்டில் திபெத்தை ஆண்ட ராஜா லாங்தர்மாவின் கதையும் இதே ஜாதிதான். தலையில் கொம்பு, கறுத்த நாக்கு, மடங்களை இழுத்து மூடியவன் என்கிறார்கள். 842 வாக்கில் லாலுங் பெல்கி தோர்ஜே என்ற துறவி வெள்ளைக் குதிரைக்குக் கரி பூசி, வெளியே கறுப்பும் உள்ளே வெள்ளையுமான அங்கியைப் போட்டுக்கொண்டு லாசாவுக்கு வருகிறார். அங்கியின் அகலமான கைக்குள் வில்லும் அம்பும். ஆடுவதுபோல் நெருங்கி ராஜாவை எய்துவிட்டு, ஆற்றில் குதிரையை இறக்குகிறார். கரி கரைகிறது. அங்கியைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறார். கறுப்புக் குதிரைக்காரனைத் தேடி வந்தவர்களுக்கு ஆள் கிடைக்கவில்லை.

பிரமாதமான கதை. ஆனால் இதை விரிவாக எழுதிவைத்தவர்கள் எல்லாம் பல தலைமுறை தள்ளி வந்த பௌத்தர்கள். பட்டுப்பாதையில், இன்றைய சீனாவில் இருக்கும் துன்ஹுவாங் ஊரின் குகைச் சுவடி ஒன்றிலோ இதே ராஜாவின் நலத்துக்காகப் பௌத்தர்கள் செய்த வேண்டுதல் இருக்கிறது! அதைப் படித்த பிறகு அவரை அரக்கன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவருக்கு முன் ஆண்ட சகோதரர் ரல்பாச்சென், ஒரு துறவிக்கு ஏழு குடும்பம் என்று குடிகளை ஒதுக்கியவர். வரியில்லாத இறையிலி நிலம் பெருகினால் கஜானா என்னவாகும் என்று தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். மடங்களுக்குப் போன மானியத்தை லாங்தர்மா குறைத்திருப்பார், அது பிற்காலத்தில் மத அழிப்பாகிவிட்டது என்பதே என் கட்சி. அவருக்குப் பின் வாரிசுச் சண்டையில் பேரரசு இரண்டாகி, 848-ல் துன்ஹுவாங்கும் கைவிட்டுப் போனது.

அப்புறம் நடந்ததுதான் என்னை உலுக்கியது. அவர் வம்சத்தின் ஒரு கிளை மேற்கே போய் கூகே என்ற அரசை அமைத்தது. அங்கிருந்து போன அழைப்பை ஏற்றுத்தான் 1042-ல் வங்காளத்துப் பௌத்த ஆசான் அதீசர் திபெத்துக்கு வந்து பௌத்தத்தைத் தழைக்கவைத்தார். அந்த அதீசர் பாடம் கேட்டது சுவர்ணத்வீபத்தில், அதாவது ஸ்ரீவிஜய நாட்டில். நம் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் அந்நாட்டு அரசர்கள் கட்டியதுதான். அதற்குத்தான் ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான்.