நோட்டின் கடைசிப் பக்கம்

மூளையில் அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவில் நான் சமூகப் பணியாளர். நோயாளி வீட்டுக்குக் கிளம்பும் நாளில் குடும்பத்தாரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாற்றுவது, வலிப்பு வந்தால் எப்படி ஒருக்களித்துப் படுக்கவைப்பது, டாக்டரைக் கேட்காமல் வலிப்பு மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாது, எல்லாம் சொல்வேன். கையில் ஒரு தாளும் கொடுப்பேன். சேர்ந்த புதிதில், அதோடு என் கடமை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்படி அனுப்பிவைத்த ஒருவர் மூன்று மாதம் கழித்து மனைவியோடு வந்தார். தானே நடந்து வந்தார். எங்களுக்கெல்லாம் அவ்வளவு சந்தோஷம். அவர் பிசியோதெரபிக்குப் போனதும் அந்த அம்மா என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

“கைகால் எப்படி வரும்னு எல்லாம் சொன்னீங்க மேடம். இவர் இப்படி ஆயிடுவார்னு ஏன் யாருமே சொல்லல?”

சட்டையில் ஒரு கையை நுழைத்துவிட்டு, மறு கையை நுழைக்காமல் அரை மணி நேரம் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாராம். யாராவது சொன்னால்தான் அடுத்த கை. பிள்ளைகள் சத்தமாகப் பேசினால் கையில் இருப்பதை வீசி எறிவாராம். அடிபடுவதற்கு முன் குரலை உயர்த்திக்கூடப் பேசாத மனிதர். பார்க்க வரும் சொந்தக்காரர்களோ, “ஆள் நல்லாத்தானே இருக்கார், நீதான் பொறுத்துப் போகணும்” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

கணவர் ஐசியூவில் இருந்த நாட்களில் அந்த அம்மா தினமும் கேட்டது ஒரே ஒரு எண்ணைத்தான். கண் திறப்பது, பேசுவது, கைகால் அசைப்பது ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் போடும் கிளாஸ்கோ அளவுகோல். டீஸ்டேல், ஜென்னட் என்ற இரண்டு மருத்துவர்கள் 1974இல் வெளியிட்டது. மிகக் குறைவு 3, முழு மதிப்பெண் 15. கணவர் 15ஐத் தொட்ட அன்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். 15 என்றால் ஆள் விழித்திருக்கிறார், கேட்டதற்குக் குழப்பமில்லாமல் பதில் சொல்கிறார், சொன்னபடி கைகாலை அசைக்கிறார், அவ்வளவுதான். பொறுமையையும் பிரியத்தையும் அது அளப்பதில்லை. இதை அன்றே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை.

அன்று உட்கார்ந்து விளக்கினேன். ஒரு வேலையைத் தொடங்குவதற்கும் கோபத்தை அடக்குவதற்கும் மூளையின் முன்பகுதி வேண்டும். அவருக்கு அடிபட்டது அங்கேதான். சட்டையோடு உட்கார்ந்திருப்பது சோம்பேறித்தனமோ பிடிவாதமோ இல்லை. தன்னிடம் குறை இருப்பதே தெரியாமல் போவதும் இந்தக் காயத்தின் ஒரு பகுதிதான். அதனால் வாதாடிப் பயனில்லை. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள், களைப்பதற்கு முன்பே படுக்கவிடுங்கள், கோபம் ஏறினால் பிள்ளைகளோடு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

மாத்திரை, வேளை, தூங்கிய நேரம் என்று கணவரைப் பற்றி எல்லாமே அந்த நோட்டில் இருந்தது. புரட்டிக்கொண்டே போனேன். கடைசிப் பக்கத்தில் வெறும் எண்கள். 2, 3, 2½, 4, 2.

“இது என்னம்மா?”

“நான் தூங்கின மணி நேரம்.”

அவரிடம் ‘நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்’ என்று அதுவரை யாருமே கேட்டிருக்கவில்லை. நானும்தான். பராமரிப்பவர்களின் சுமையை அறிய ஸாரிட் கேள்வித்தாள் என்று ஒன்று இருக்கிறது, 22 கேள்விகள். அதை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். கணவர் அருகில் இருக்கும்போது கோபம் வருகிறதா என்ற கேள்விக்கு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “வருதுன்னு சொன்னா தப்பா மேடம்?” என்றார்.

ஆள் கண்ணெதிரே இருக்க, பழகிய ஆளைக் காணோம் என்கிற இந்தத் துயரத்துக்கு பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் ‘தெளிவற்ற இழப்பு’ என்று பெயர் வைத்தார். செத்துப்போனால் ஊர் கூடி அழும். இதற்கு யாரும் துக்கம் கேட்க வருவதில்லை. அதைச் சொன்னபோதுதான் அவர் அடக்கிவைத்திருந்த அழுகையெல்லாம் வந்தது.

அழுது முடித்த பின், கொழுந்தனாரின் நம்பரை வாங்கி நானே பேசினேன். “உதவி பண்ணுங்க” என்று பொதுவாகச் சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள் என்பது என் அனுபவம். சனி, ஞாயிறு இரண்டு நாள் வந்து அண்ணனைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அண்ணி தன் அம்மா வீட்டுக்குப் போய் வரட்டும் என்று நாளைக் குறித்துக் கேட்டேன். சரி என்றார். ஞாயிறு இரவு அவரே கூப்பிட்டார். “அண்ணி இத்தனை நாளா இதை எப்படி மேடம் சமாளிச்சாங்க?” என்றவர் அதற்கு மேல் பேச முடியாமல் வைத்துவிட்டார்.

அடுத்த முறை அந்த அம்மா வந்தபோது நோட்டைக் கேட்டு வாங்கி நேரே கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். வெள்ளி 3. சனி 6½. ஞாயிறு 7. திங்கள் மறுபடியும் 3. கீழே, கொழுந்தனார் அடுத்து வரப்போகும் தேதியை எழுதி வட்டம் போட்டு வைத்திருந்தார்.