214அ

வழக்கறிஞர் அலுவலகத்தில் வழக்குப் பிரிவு உதவியாளராகச் சேர்ந்தபோது, சட்ட நூல்களோடுதான் என் பொழுது கழியும் என்று எண்ணியிருந்தேன். முதல் சில மாதங்களில் நான் செய்ததெல்லாம் தேதி குறிப்பதும் தாள்களுக்கு எண் இடுவதும்தான்.

தேதி குறிப்பது எளிய வேலையன்று. பதில் மனுவுக்கு 30 நாள் கெடு என்றால், மனு கைக்கு வந்த நாளைச் சேர்ப்பதா விடுவதா, கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் நினைவை நம்பாமல், அந்த நீதிமன்றத்தின் விதியைத் திறந்து பார்த்தே குறிக்க வேண்டும். நான் குறித்ததை இன்னொருவர் தனியாக எண்ணிப் பார்ப்பார். தொடக்கத்தில் இது என்மீதுள்ள அவநம்பிக்கை என்று நினைத்து உள்ளுக்குள் வருந்தியதும் உண்டு.

ஆவணங்களில் தனிப்பட்ட விவரங்களை மறைப்பதும் என் பொறுப்பே. ஒருமுறை கணினியில் கறுப்புக் கட்டம் வரைந்து வைத்துவிட்டு, ஏதோ ஐயத்தில் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து வேறொரு பக்கத்தில் ஒட்டிப் பார்த்தேன். கட்சிக்காரரின் வங்கிக் கணக்கு எண் முழுமையாக வந்து விழுந்தது. கட்டம் கண்ணிலிருந்து மட்டுமே மறைத்திருந்தது, எழுத்து அடியில் அப்படியே இருந்தது. நல்லவேளையாகக் கோப்பு இன்னும் வெளியே போகவில்லை.

என் முதல் பெரிய விசாரணைக்கு 6 தொகுதிகளாக 1,400 பக்கங்களைத் தொகுத்து, பொருளடக்கமும் தயாரித்து முடித்திருந்தேன். முந்தைய நாள் மாலையில்தான், நகலெடுக்கும்போது இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு போனதால் ஒரு கடிதத்தின் இரண்டாம் பக்கம் விடுபட்டிருப்பதைக் கண்டேன். அதை 214ஆம் பக்கத்துக்குப் பின் செருகினால் அடுத்து வரும் எண்கள் அனைத்தும் ஒன்று அதிகமாகிவிடும். வழக்கறிஞரின் வாதக் குறிப்பில் உள்ள பக்க எண்கள் பாழாகும். பதற்றத்தில் எல்லாவற்றுக்கும் புதிதாக எண் இடத் தொடங்கிய என்னிடம், மூத்த உதவியாளர் அம்மையார், "எண்ணை மாத்தாதீங்க. 214அ-ன்னு போட்டு, பொருளடக்கத்துல ஒரு வரி சேருங்க, போதும்" என்றார். எதிர்த்தரப்புக்கும் நீதிமன்றத்துக்கும் முன்பே கொடுத்த தொகுதிகளிலும் அந்தத் தாள் சேர வேண்டியிருந்ததால், இரு இடங்களுக்கும் உரிய கடிதங்களை அன்றிரவே தயார் செய்தோம்.

மறுநாள் எங்கள் வழக்கறிஞர் "பக்கம் 214அ" என்றபோது, நீதிபதியும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் ஒரே நேரத்தில் தாளைப் புரட்டிய ஓசை பின்வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது.