ஆபாசப் படம்: தவறு எந்த இடத்தில் இருக்கிறது?

ஆபாசப் படம் பார்ப்பது தவறா, இல்லையா என்று யாராவது பேச்சைத் தொடங்கினால் பத்தே நிமிடத்தில் அது சண்டையாகிவிடும். ஒருவர் ஒழுக்கம் கெட்டுப்போகிறது என்பார். இன்னொருவர், வயது வந்தவர் தன் அறைக்குள் எதைப் பார்த்தால் உனக்கென்ன என்பார். மூன்றாமவர் அதில் நடிக்கும் பெண்களின் நிலையை எடுப்பார். நான்காமவருக்குப் பிள்ளைகள் கையில் இருக்கும் போன்தான் கவலை. நால்வரும் பேசுவது நான்கு வெவ்வேறு விஷயங்கள். ஒருவர் கேட்டதற்கு இன்னொருவர் பதில் சொல்வதே இல்லை.

அதனால் முதலில் கேள்வியைப் பிரித்துக்கொள்ள வேண்டும். உடலுறவைக் காட்சியாக்குவதே தவறா? எடுக்கும் விதத்தில் தவறு இருக்கிறதா? பரப்பும் விதத்தில்? பார்ப்பவரை அது என்ன செய்கிறது? பார்க்காதவர்களையும் சேர்த்துச் சமூகத்தை என்ன செய்கிறது? என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் கேள்விக்கு என் பதில் "இல்லை". இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான் பெரிய தவறு கிடக்கிறது. இந்தத் தொழிலை ஆதரிப்பவர்கள் ஒப்புக்கொள்வதைவிட அது பெரியது. எதிர்ப்பவர்களில் பலர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை.

சட்டமும் ரொம்ப காலம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1957இல் ராத் வழக்கில் ஆபாசத்துக்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு கிடையாது என்றது. எது ஆபாசம் என்பதற்கு 1973இல் மில்லர் வழக்கில் மூன்று அளவுகோல்களைத் தந்தது. சராசரி மனிதர் கண்ணுக்கு, அந்தச் சமூகத்தின் வழக்கப்படி, மொத்தப் படைப்பும் காம வெறியைத் தூண்டுவதாகப் படுகிறதா? சட்டம் குறிப்பிடும் பாலியல் செயலை அருவருப்பாகக் காட்டுகிறதா? குறிப்பிடத்தக்க கலை, இலக்கிய, அரசியல், அறிவியல் மதிப்பு இல்லாததா? மூன்றையும் திரும்பப் படித்துப் பாருங்கள். படத்தில் இருப்பவர் சம்மதித்தாரா என்ற கேள்வி அதில் இல்லை. பார்ப்பவருக்குக் கூச்சமா, ஊருக்கு அருவருப்பா என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. ஏமாற்றி எடுத்த ஒரு படம் மென்மையாக, அழகாக இருந்தால் இந்தச் சோதனையில் அது சுலபமாகத் தேறிவிடும். தம்பதியர் இருவர் மனமொப்பி எடுத்த படம் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தால் மாட்டிக்கொள்ளும்.

இதைத் திருப்பிப் போட்டது பிரிட்டனில் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் தலைமையில் அமைந்த அரசுக் குழு. அதன் அறிக்கை 1979இல் வந்தது. முழுத் தடை என்பது இரண்டு வகைக்கு மட்டும் போதும் என்றது அந்தக் குழு: 16 வயதுக்குக் கீழானவர்களைப் பயன்படுத்தி எடுத்தவை, எடுக்கும்போது உண்மையிலேயே உடற்காயம் நடந்ததாகத் தெரிபவை. மற்றவற்றுக்கு, விரும்பாதவர் கண்ணில் படாமலும் சிறுவர் கைக்குப் போகாமலும் கட்டுப்படுத்தினால் போதும் என்றது. பரிந்துரைகளில் பெரும்பகுதி கிடப்பில் போனது. ஆனால் கேட்க வேண்டிய இடத்தில் கேள்வியைக் கேட்டது அந்த அறிக்கைதான்.

மனிதரைப் பொருளாக்குவது என்ற வாதத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மனிதரை வெறும் கருவியாக நடத்தக் கூடாது என்ற ஜெர்மன் தத்துவவாதி கான்ட்டின் கொள்கையிலிருந்து வருவது இது. அமெரிக்கத் தத்துவவாதி மார்த்தா நுஸ்பாம் 1995இல் எழுதிய கட்டுரையில் "பொருளாக்குவது" என்று நாம் சொல்வதற்குள் ஏழு கூறுகள் இருப்பதாகப் பிரித்துக் காட்டினார். கருவியாக்குவது, தன் முடிவைத் தானே எடுக்கும் உரிமையை மறுப்பது, செயலற்றவராக நினைப்பது, ஒருவருக்குப் பதில் இன்னொருவரை வைத்துக்கொள்ளலாம் என்று நடத்துவது, உடைத்தாலும் பரவாயில்லை என்று கருதுவது, சொத்தாகப் பார்ப்பது, அவருக்கும் உணர்வு உண்டு என்பதைக் கணக்கில் எடுக்காதது. இவற்றில் சில, அன்புள்ள இருவருக்கிடையே தற்காலிகமாக வந்து போனால் கெடுதல் இல்லை என்பதும் அவர் வாதம். எனக்கு அது சரியென்று படுகிறது. இணையத்தில் கொட்டிக் கிடக்கும் படங்களில் வலுவாகத் தெரிவது நான்காவது கூறு. முடியின் நிறம், உடல்வாகு, இனம் என்று குறிச்சொற்களால் வகை பிரித்து, ஆளின் பெயர்கூட இல்லாமல் அடுக்கி வைக்கும் தளத்தில் ஒருவர் போனால் அதே இடத்தில் இன்னொருவர். இது காட்சியின் குற்றமா, கடை வைத்திருக்கும் முறையின் குற்றமா என்றால், பெரும்பாலும் இரண்டாவது.

இப்போது சம்மதத்துக்கு வருவோம். "அவர்கள் விரும்பித்தானே நடிக்கிறார்கள், கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கையெழுத்து என்பது பல படிகளில் ஒன்று மட்டும்.

ஒழுங்காக நடக்கும் ஒரு படப்பிடிப்பில் என்னவெல்லாம் இருக்க வேண்டும்? நடிப்பவரின் வயதை அரசு அடையாள அட்டையால் சரிபார்த்து, அந்த நகலைப் பத்திரப்படுத்த வேண்டும். அமெரிக்காவில் 1988இல் வந்த சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. பாலியல் நோய்களுக்கான பரிசோதனை முடிவு 14 நாட்களுக்குள் எடுத்ததாக இருப்பது அங்குள்ள தொழில் நடைமுறை. எந்தச் செயலுக்கு ஒப்புதல், எதற்கு இல்லை, எதை அன்று பார்த்துச் சொல்வேன் என்று மூன்றாகப் பிரித்த பட்டியலைப் படப்பிடிப்பு நாளுக்கு முன்பே எழுத்தில் வாங்க வேண்டும். உடன் நடிப்பவர் யார் என்பதும் முன்பே தெரிய வேண்டும். படம் எங்கே, எந்தப் பெயரில், எவ்வளவு காலம் வெளியாகும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்த ஒரு சொல்லும், வாயால் பேச முடியாத நிலைக்கு ஒரு கைச்சைகையும் பேசி வைத்திருக்க வேண்டும்.

கோளாறு பெரும்பாலும் வருவது இரண்டு இடங்களில். ஒன்று, பட்டியலில் இல்லாததைப் படப்பிடிப்பின் நடுவில் கேட்பது. எல்லோரும் காத்திருக்கிறார்கள், விளக்கெல்லாம் போட்டாகிவிட்டது, மறுத்தால் அடுத்த வாய்ப்பு போய்விடும். அந்த நேரத்தில் வரும் "சரி"க்கு என்ன மதிப்பு? இரண்டாவது, பணம். முழுச் சம்பளமும் முடிவில்தான் என்றால், பாதியில் நிறுத்துபவர் வெறுங்கையோடு போக வேண்டும். நிறுத்தும் உரிமை ஏட்டில் இருக்கும், கையில் இருக்காது. வந்ததற்கே ஒரு தொகை, பாதியில் நிறுத்தினாலும் அதைத் திருப்பிக் கேட்க முடியாது என்று எழுதியிருந்தால்தான் அந்த உரிமைக்கு உயிர் உண்டு. நிறுவனம் நல்லதா கெட்டதா என்பதை அதன் கொள்கை அறிக்கையைவிட இந்த ஒரு ஷரத்து நன்றாகச் சொல்லும்.

கையெழுத்து எவ்வளவு வெறுமையாகலாம் என்பதற்கு, அமெரிக்காவின் சான் டியேகோ நீதிமன்றம் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்த வழக்கு போதும். ஆடை அணிந்து செய்யும் மாடலிங் என்று விளம்பரம் கொடுத்து இளம்பெண்களை வரவழைத்தார்கள். வந்தவர்களிடம், படம் இணையத்துக்கு வராது, வெளிநாட்டில் டிவிடியாக மட்டும் போகும் என்றார்கள். சந்தேகப்பட்டவர்களுக்கு உறுதி சொல்ல, முன்பு நடித்தவர் என்ற பெயரில் பேசக் கூலிக்கு ஆள் வைத்திருந்தார்கள். படங்கள் இணையத்தில் வந்தன, பெண்களின் பெயரும் ஊரும் அம்பலமாயின. வழக்குப் போட்ட 22 பெண்களுக்கு 1 கோடியே 27 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு கிடைத்தது. படங்களின் உரிமையும் அவர்களுக்கே வந்தது. அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டிருந்தவர்கள்தான். படத்தை மட்டும் பார்த்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

ஏமாற்றே இல்லாத இடத்திலும் ஒரு சிக்கல் தீரவில்லை. வழக்கமான ஒப்பந்தம் காலவரையற்றது, திரும்பப் பெற முடியாதது. 19 வயதில் தந்த சம்மதம் 40 வயதிலும் செல்லும். வேறு எந்த உடல் சார்ந்த சம்மதத்தையும் நாம் இப்படி நிரந்தரமாக்குவதில்லை. சில ஆண்டுகள் கழித்து நடித்தவரே கேட்டால் தயாரிப்பாளர் தன் தளத்திலிருந்து எடுக்க வேண்டும் என்பது நியாயமான ஷரத்து என்றே நினைக்கிறேன். முதலீடு என்னாவது என்று தயாரிப்பாளர் கேட்பார். அந்த ஆபத்தை விலையில் சேர்த்துக்கொள்ளட்டும்.

சமூகத்துக்கு வரும் தீங்கு பற்றிய வாதத்தை மிகக் கூர்மையாக வைத்தவர்கள் அமெரிக்கப் பெண்ணியவாதிகளான கேத்தரின் மெக்கின்னனும் ஆண்ட்ரியா டுவோர்கினும். ஆபாசம் பெண்களின் சமத்துவத்தைப் பறிக்கும் செயல், பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம் என்ற அவர்களின் வரைவை மினியாபொலிஸ் நகரமன்றம் 1983இல் ஏற்றது, மேயர் தடுத்தார். 1984இல் இண்டியானாபொலிஸ் சட்டமாக்கியது. 1985இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இப்படங்கள் பெண்களைத் தாழ்த்தும் போக்கை நீடிக்கச் செய்கின்றன என்பதை ஒரு பேச்சுக்கு ஏற்றுக்கொண்டே, அது பேச்சின் வலிமையைத்தான் காட்டுகிறது, அதற்காகத் தடுக்க முடியாது என்றார் நீதிபதி ஈஸ்டர்புரூக். கனடா உச்ச நீதிமன்றம் 1992இல் பட்லர் வழக்கில் எதிர்த்திசையில் போய், தீங்கையே அளவுகோலாக்கியது. பிறகு நடந்ததைக் கவனியுங்கள். பெண் ஓரினச்சேர்க்கையாளர்கள் தங்களுக்காக நடத்திய இதழை விற்ற டொராண்டோ புத்தகக் கடைக்குத் தண்டனை கிடைத்தது. தீங்கு என்ற அளவுகோலைக் காவல்துறை கையில் கொடுத்தால் அது முதலில் விழுவது சிறுபான்மையினர் தலையில். தடைச் சட்டத்தை நான் ஏற்காததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

ஆனாலும் தத்துவவாதி ரே லாங்டன் 1993இல் வைத்த வாதம் என்னை விடுவதில்லை. "வேண்டாம்" என்று ஒரு பெண் சொல்கிறாள். கேட்பவன் காதில் அது விழுகிறது. ஆனால் மறுப்பாக விழவில்லை, விளையாட்டாக விழுகிறது. அவள் வாயை யாரும் பொத்தவில்லை, ஆனால் மறுக்கும் சக்தி அவள் சொல்லிலிருந்து போய்விட்டது. இப்படிக் கேட்கும் காதை ஒரு வகைப் படங்கள் பழக்குகின்றன என்றால், பேச்சுரிமை வாதம் அங்கே இரண்டு பக்கமும் வெட்டும்.

எண்களைக் கையாளும்போது நிதானம் வேண்டும். அதிகம் விற்ற படங்களிலிருந்து 304 காட்சிகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வில், 88.2 சதவீதக் காட்சிகளில் உடல்ரீதியான வன்செயல் இருந்தது. எதிர்ப்பவர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். பிட்டத்தில் அடிப்பதும் அந்தக் கணக்கில் சேரும், எதிரில் இருப்பவர் விரும்பினாரா என்று பார்க்காமலே சேரும். வரையறையை மாற்றினால் எண் மளமளவென்று இறங்கும். ஆதரிப்பவர்கள் அதைச் சொல்லி மொத்தத்தையும் ஒதுக்குவார்கள். அவர்கள் தாண்டிப் போவது அதே ஆய்வின் இன்னொரு முடிவை: வன்செயலுக்கு ஆளானவர்கள் பெரும்பாலும் பெண்கள், அவர்கள் மகிழ்ச்சியாகவோ ஒன்றும் நடக்காதது போலவோ இருப்பதாகவே காட்டப்பட்டார்கள். லாங்டன் சொன்னதற்கு இதைவிட நெருக்கமான சான்று வேண்டியதில்லை.

அடிமையாவது பற்றிச் சுருக்கமாக: உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலில் கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தை ஒரு கோளாறாக இருக்கிறது. ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடித்து, வேலை, உறவு, உடல்நலம் கெடும் அளவுக்குப் போக வேண்டும். "இது பாவம்" என்ற மனவேதனை மட்டும் நோய் ஆகாது என்று அதிலேயே தெளிவாக இருக்கிறது. மிகக் குறைவாகப் பார்த்தும், தவறென்று நம்புவதால் தன்னை அடிமை என்று நினைத்துத் துவள்பவர்கள் உண்டு. அவர்களைப் பயமுறுத்துவதால் ஒரு பயனும் இல்லை.

பரப்புவதில் நடக்கும் தவறு, தன் படம் வெளியாகிவிட்ட ஒருவருக்கு வாதப் பொருள் அல்ல, அவசரம். அந்த இடத்தில் இருப்பவர் முதலில் செய்யக் கூடாதது, பதற்றத்தில் தன்னிடம் உள்ள மூலப் படத்தை அழிப்பது. ஸ்டாப்என்சிஐஐ என்ற இலவசச் சேவை, அந்தக் கோப்பிலிருந்து உங்கள் கருவியிலேயே ஹாஷ் என்ற எண் அடையாளத்தை உருவாக்குகிறது. படம் வெளியே போவதில்லை, அந்த எண் மட்டும் போகிறது. கோப்பு கையில் இல்லையென்றால் எண்ணும் இல்லை. பக்கத்தின் முகவரி, தேதி, பதிவேற்றிய கணக்கு ஆகியவற்றைக் குறித்துக்கொண்ட பிறகே தளத்தில் புகார் செய்யுங்கள். புகாருக்குப் பின் பக்கம் மறைந்தால் சான்றும் மறையும். கூகுளில் தேடல் முடிவிலிருந்து நீக்கத் தனிப் படிவம் இருக்கிறது. ஹாஷ் முறைக்கு எல்லையும் உண்டு. அதில் சேர்ந்த தளங்கள் மட்டுமே பார்க்கும், வெட்டியோ மாற்றியோ போட்ட நகல் தப்பிவிடலாம், மறுபடி பதிய வேண்டியிருக்கும். படம் எடுத்தபோது 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் டேக் இட் டவுன் என்ற தனிச் சேவை.

கடைசியாகப் பார்ப்பவர். "நான் பார்ப்பதால் யாருக்கு என்ன நஷ்டம்?" ஒவ்வொரு பார்வையும் தளத்துக்கு விளம்பர வருமானம், அந்தப் படத்துக்கு வரிசையில் மேலே ஓர் இடம். 2020 டிசம்பரில் விசாவும் மாஸ்டர்கார்டும் தங்கள் அட்டைகளால் பணம் செலுத்துவதை நிறுத்தியபோது, போர்ன்ஹப் என்ற ஆபாசப் படத் தளம் யார் ஏற்றியது என்று உறுதிசெய்யப்படாத லட்சக்கணக்கான வீடியோக்களை ஒரே வீச்சில் இறக்கியது. அதுவரை அவற்றைப் பார்த்தவர் எவருக்கும் எதில் சம்மதம் இருந்தது, எதில் இல்லை என்று தெரிந்திருக்க வழியில்லை. நடித்தவரே நடத்தும் கணக்கு, அவரே நீக்கக்கூடிய படம், பெயர் தெரிந்த தயாரிப்பாளர் என்றால் ஐயம் குறையும், தீராது. "ரகசியக் கேமரா", "முன்னாள் காதலி" என்று தலைப்பிட்டு ஓடுபவை வேறு. அது நடிப்பாக இருக்கலாம், நிஜமாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் காட்சி ஒன்றுதான், திரைக்கு இந்தப் பக்கமிருந்து பிரித்தறிய முடியாது. அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் எடுத்தது என்பதைத்தான் அங்கே விற்கிறார்கள். அதைத் தெரிந்தே தேர்ந்தெடுத்துப் பார்ப்பவர், நடிப்பு என்று நினைத்தேன் என்று பிறகு சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.