குடும்பப் பெயர் என்ற காலிக் கட்டம்

போன சனிக்கிழமை என் தோழி அழைத்தாள். தஞ்சாவூரில் திருமணம் முடிந்து மூன்று வாரம்தான் ஆகிறது. கணவரை அமெரிக்காவுக்கு அழைத்துவர எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டாள். "முதலில் அவருடைய பாஸ்போர்ட்டை எடுத்து, பெயர் எப்படி இருக்கிறது என்று பார்" என்றேன். படிவம், கட்டணம், வக்கீல் எல்லாம் அப்புறம். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நான் அமெரிக்கக் குடிமகள். எங்கள் திருமணம் 2022 பிப்ரவரி 2 அன்று மதுரையில் நடந்தது. குடிமக்களின் கணவனுக்கோ மனைவிக்கோ ஆண்டு ஒதுக்கீட்டு வரம்பு கிடையாது. கிரீன் கார்டு என்ற நிரந்தர வசிப்பு அட்டை மட்டும் வைத்திருப்பவர்கள் அழைத்தால்தான் அந்த வரம்புக்காக வரிசையில் நிற்க வேண்டும். வரம்பு இல்லை என்றால் தாமதமும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, ஆறு மாதத்தில் என் கணவர் வந்துவிடுவார் என்று நியூ ஜெர்சியில் எடிசன் என்ற ஊரில் இருக்கும் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அவர் வந்து சேர இரண்டு ஆண்டு ஆயிற்று.

அவருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. அவர் பெயரும் அவருடைய அப்பாவான என் மாமாவின் பெயரும் சேர்ந்து இயற்பெயர்க் கட்டத்திலேயே இருந்தன. இன்ஷியலோடு வளர்ந்த நமக்குக் குடும்பப் பெயர் ஏது? ஆனால் அப்படியே விட்டால் அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயராகிவிடும். இயற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று விழும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு என்று போகும் இடமெல்லாம் அது கூடவே வரும். நான் சிறுமியாக இருந்தபோது மருத்துவமனையில் என் சித்தப்பாவை ஒரு நர்ஸ் "எஃப்னு" என்று உரக்கக் கூப்பிட்டார். சித்தப்பா எழுந்து போனார். அவருக்கு எவ்வளவு அழகான பெயர் தெரியுமா? என் கணவருக்கு அது நேரக் கூடாது என்று, மனு போடுவதற்கு முன்பே பாஸ்போர்ட்டை மாற்றினோம். மாமாவின் பெயர் குடும்பப் பெயரானது.

2022 மே மாதம், உறவினரை அழைப்பதற்கான ஐ-130 மனுவை இணையவழியில் அனுப்பினேன். அப்போது கட்டணம் 535 டாலர். 2024 ஏப்ரலில் அது இணையவழிக்கு 625, தாளில் அனுப்பினால் 675 என்று உயர்ந்தது. ஒப்புதல் வரப் பதின்மூன்று மாதம். பிறகு கோப்பு நியூ ஹாம்ப்ஷயரில் போர்ட்ஸ்மவுத் என்ற ஊரில் இருக்கும் தேசிய விசா மையத்துக்குப் போனது. அங்கே விசாவுக்கு 325 டாலர், வருபவரைப் பண விஷயத்தில் தாங்குவேன் என்று அழைப்பவர் பொறுப்பேற்கும் ஆதரவுப் பத்திரத்துக்கு 120 டாலர்.

ஆவணங்களைப் பதிவேற்ற உட்கார்ந்த இரவில்தான் அவருடைய பிறப்புச் சான்றிதழை ஒழுங்காகப் பார்த்தேன். அப்பா பெயர் இருந்தது, அம்மா பெயர் இருந்தது, தேதி இருந்தது. குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ஒரு சிறு கோடு. பாலினம்: ஆண். அவ்வளவுதான். உடனே அவருடைய அம்மாவை, என் அத்தையை, அழைத்தேன். "பெயர் வைப்பதற்கு முன்பே பிறப்பைப் பதிந்துவிட்டார்கள் அம்மா. அப்புறம் போய்ச் சேர்க்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்?" என்றார். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைக் காட்டி, விண்ணப்பம் எழுதி, பெயரைச் சேர்த்துப் புதுச் சான்றிதழ் வாங்கப் பத்து வாரம் போனது. மனுவுக்காகக் காத்திருந்த பதின்மூன்று மாதத்தில் என்றைக்காவது செய்து முடித்திருக்கலாம். இன்றும் அதை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

ஐ-864 என்ற ஆதரவுப் பத்திரத்தைக் கையெழுத்திடும் முன் முழுதாகப் படியுங்கள். அழைப்பவரின் வருமானம் வறுமைக்கோட்டு அளவின் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். 2023 கணக்கில் இரண்டு பேர் குடும்பத்துக்கு 24,650 டாலர். விவாகரத்தே ஆனாலும் அந்தப் பொறுப்பு தீராது. கணவர் குடியுரிமை பெறும்வரையோ, ஏறத்தாழப் பத்து ஆண்டு வேலைக் கணக்கு சேரும்வரையோ தொடரும். நான் மனமார்ந்துதான் கையெழுத்திட்டேன், ஆனால் எதில் கையெழுத்திடுகிறோம் என்று தெரிந்து செய்தேன்.

போலீஸ் சான்று, மருத்துவப் பரிசோதனை, தடுப்பூசி எல்லாம் அலைச்சல்தான், பயமில்லை. நேர்காணல் 2024 ஜனவரி 17 அன்று மும்பையில். உள்ளே செல்போன் கொண்டுபோக முடியாது. அவர் உள்ளே போனபோது எனக்கு இரவு பத்து மணி. அடுப்படி விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்று பத்துக்கு அழைப்பு வந்தது. திருமண ஆல்பத்தைத் திறக்கவே இல்லையாம். நான் என்ன வேலை பார்க்கிறேன், கடைசியாக எப்போது சந்தித்தோம் என்று கேட்ட அதிகாரி, பழைய மதிப்பெண் பட்டியலில் இன்ஷியல் மேல் விரலை வைத்து, "இந்த எழுத்து யார்?" என்றாராம். "என் அப்பா" என்று இவர் சொல்ல, பாஸ்போர்ட்டில் அந்தப் பெயரைப் பார்த்துத் தலையசைத்தாராம்.

ஜனவரி கடைசியிலேயே புறப்பட்டிருக்கலாம். ஆனால் திருமணமாகி இரண்டு ஆண்டு நிறைவதற்குள் நுழைந்தால் நிபந்தனையுள்ள இரண்டாண்டு கார்டுதான் கிடைக்கும், பிறகு அந்த நிபந்தனையை நீக்க ஐ-751 என்று இன்னொரு மனு. இரண்டு வருடம் பொறுத்தவர்கள் இன்னும் சில நாள் பொறுத்தோம். பிப்ரவரி 10 அன்று நியூவர்க் விமான நிலையத்தில் இறங்கி, குடிநுழைவு அதிகாரியிடம் திருமணச் சான்றிதழைக் காட்டி, விசாவில் இருந்த சிஆர்-1 என்ற நிபந்தனையுள்ள வகையை, நிபந்தனையில்லாத ஐஆர்-1 ஆக மாற்றும்படி கேட்டார். மாற்றிக் கொடுத்தார்கள். பத்தாண்டு கார்டு.

அது தபாலில் வந்த அன்றே படம் எடுத்து மதுரைக்கு அனுப்பினேன். மாமா பாஸ்போர்ட் எடுத்ததே இல்லை. வீடியோவில் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, செல்போனை முகத்தருகே கொண்டுபோய், குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருந்த தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு அத்தையைக் கூப்பிட்டு, "இங்கே பார்" என்றார்.