ஆச்சி கேட்ட அட்டை

வேலையில் சேர்ந்த நான்காம் நாள் இரவு, கனடாவின் ஸ்காபரோவில் நான் காவலுக்கு நின்ற மாடிக் குடியிருப்பின் வாசலில், கைத்தடியுடன் வந்த வெள்ளைக்கார ஆச்சி ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, லைசன்ஸைக் காட்டும்படி கேட்டார். என் கை தானாகவே சட்டைப் பைக்குப் போனது. கால்கள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. போர்க்கால இலங்கையின் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பைகளைச் சுமந்தபடி வரிசையில் நின்று, ஐசி என்று நாங்கள் சொல்லும் அடையாள அட்டையை நீட்டிப் பழகிய உடம்பு அது. அங்கே அட்டையை வாங்கியவனிடம் அவனுடைய அட்டையைக் கேட்க எவருக்கும் நாக்கு எழுந்ததில்லை. ஆச்சி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டு, நன்றி சொல்லித் திருப்பித் தந்துவிட்டு லிப்டுக்கு நடந்தார்.

அவர் கேட்டதில் பிழையில்லை. ஒன்ராறியோவின் 2005ஆம் ஆண்டுத் தனியார் பாதுகாப்பு, புலனாய்வுச் சேவைகள் சட்டத்தின்படி, பணியில் நிற்கும் காவலாளி தன் அனுமதிப்பத்திரத்தைக் கையோடு வைத்திருப்பதோடு, கேட்பவருக்குக் காட்டவும் வேண்டும். இதை நான் வகுப்பில் படித்திருந்தேன்; படித்த செய்தி கைக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் சிக்கல்.

அந்தப் பத்திரம் கிடைக்க முதலுதவியும் சேர்த்து 40 மணி நேரப் பயிற்சி, அதன்பின் சரியான விடையைத் தெரிவு செய்யும் தேர்வு, அதில் 62 வீதம் எடுத்தால் சித்தி, பிறகு குற்றப் பதிவுச் சோதனையும் 80 டொலர் கட்டணமும். ஊரில் பதினொரு ஆண்டுகள் கணிதம் படிப்பித்தவனுக்குத் தேர்வு பெரிய பாரமாக இருக்கவில்லை. என்னை மடக்கியது, பணியில் காண்பதை எழுதிவைக்கும் குறிப்புப் புத்தகம்தான். பேனாவால் மட்டுமே எழுத வேண்டும், இடையில் வரி விடக்கூடாது, தாளைக் கிழிக்கக்கூடாது, பிழைத்தால் ஒரே கோட்டால் வெட்டி அருகில் முதலெழுத்திட வேண்டும் என்று இவ்வளவும் எனக்குப் பிடித்தே இருந்தது; பிள்ளைகளின் கொப்பிகளில் இதற்காகவே நான் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். ஆனால் பயிற்சிக்காக நான் எழுதிய முதல் அறிக்கையில், "சந்தேகத்துக்கிடமான ஒருவர் பின்கதவருகே நின்றார்" என்றிருந்ததைப் பயிற்றுநர் சிவப்பு மையால் சுற்றி வட்டமிட்டுவிட்டு, எதைக் கண்டு சந்தேகம், மேலங்கி என்ன நிறம், நேரம் என்ன, கதவைத் தொட்டாரா என்று அடுக்கினார். கண்டதை எழுது, நினைத்ததை எழுதாதே என்றார்.

அந்தச் சிவப்பு வட்டத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "சந்தேகத்தின் பேரில் கைது" என்ற தலைப்பை வாசித்து வாசித்தே எங்கள் தலைமுறை எழுத்துக்கூட்டக் கற்றது. சந்தேகத்தின் நிறம் என்ன, அது கதவைத் தொட்டதா என்று அன்று கேட்பார் இருந்திருந்தால், எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு வீட்டுப் படலைகள் இன்னும் ஒருவரை எதிர்பார்த்துத் திறந்து கிடக்கமாட்டா. இங்கே காவலாளிக்கு உள்ள அதிகாரமோ, முக்கியமாக, குற்றம் நடப்பதைக் கண்டால் ஆளைத் தடுத்து, தாமதமின்றிப் பொலிஸிடம் ஒப்படைப்பதுதான். அது பெரும்பாலும் எந்தக் குடிமகனுக்கும் உள்ளதே. எங்கள் ஊர் வைரவருக்காவது ஒரு சூலமும் நாயும் வடைமாலையும் உண்டு. எனக்கு ஒரு டோர்ச் லைட்டும் குறிப்புப் புத்தகமும்.

இந்த வேலையை அம்மாவுக்குச் சொல்வதுதான் தேர்வைவிடக் கடினமாக இருந்தது. "என்ன தம்பி, வாச்சர் வேலையோ?" என்று ஒருமுறை கேட்டார், அதன்பின் ஒழுங்கை முழுவதும் நான் "செக்கியூரிட்டி ஒபிசர்" ஆகிவிட்டேன். காவலாளி தன்னை 'ஒபிசர்' என்று சொல்லிக்கொள்வதை இந்தச் சட்டம் தடைசெய்கிறது என்று விளக்கியபோது, "நீ சொல்லாதை, நான்தானே சொல்லுறன்" என்றார். சட்டத்தில் இப்படியொரு ஓட்டை இருப்பதைப் பயிற்றுநர்கூட அறிந்திருக்கமாட்டார்.

இப்போது இரண்டாம் பனிக்காலம். சீருடை பழகிவிட்டது, பின்னிரவு பழகிவிட்டது, உறைந்த படிகளில் உப்புத் தூவும் நேரமும் தெரியும். ஆனாலும் அனுமதிப்பத்திரத்தை, ஊரில் செய்தது போலவே, சட்டைப் பையில் படம் வெளியே தெரியாதபடி திருப்பித்தான் வைக்கிறேன். நேற்று இடைவேளையில் அம்மாவோடு கதைத்தேன், அங்கே மத்தியானம்.

"அங்கை உன்னை மறிச்சு ஐசி கேக்கிறவையோ?"

"ஒருக்கா ஒரு ஆச்சி கேட்டவ, அம்மா."

"ஆச்சியோ! நீ குடுத்தனியோ?"

"ஓம்."

சற்று நேரம் சத்தமில்லை.

"திருப்பித் தந்தவவோ?"